மூன்றாம் கட்டிலுக்கு மேல் ஒரு தூண்

ஓலைக்கண்மாய் பிரசவ நிலையத்துக்கு மேல்மாடி வேண்டும் என்று ஓலைக்கண்மாயில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே வந்தது. 1971ஆம் வருஷம் பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலையில் நர்ஸ் சந்தனமேரி வேலைக்கு வந்தபோது, வாசலில் செங்கல் வண்டிகள் மூன்று நின்றன. கொத்தனார் கருத்தையா வெளிப்படிக்கட்டில் நின்றுகொண்டு ஆட்களை மட்டப்பாவுக்கு ஏவிக்கொண்டிருந்தார்.

கண்டனூர் சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்தது அந்தக் கட்டடம். ஒரே நீளமான அறை. நான்கு கட்டில், ஒரு மருந்து அலமாரி, குழந்தைகளை நிறுக்கும் ஒரு தராசு. முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு ஆறு தேக்கு உத்தரங்கள் குறுக்கே கிடந்தன. அவற்றின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டிருந்தது. அதை எழுப்பிய புண்ணியவான் துணி காயப்போடுவதற்கு மேல் எதையும் அந்த மட்டப்பாவில் எதிர்பார்க்கவில்லை. பதினாறு வருஷமாகச் சந்தனமேரியும் துணிதான் காயப்போட்டு வந்தார்.

"என்ன கருத்தையாண்ணே, எதுக்கு இம்புட்டுக் கல்லு?"

"மேல மாடி எடுக்கச் சொல்லியிருக்காக நர்ஸம்மா. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார மண்டபமாம்."

"கீழ பிள்ளை பெறுற எடமாச்சே."

"அதை நான் யாருகிட்டக் கேக்க? பிளானைக் கையில குடுத்தாக. சாந்து கொழைக்கிறேன்."

சந்தனமேரி படியேறிப் பார்த்தார். மட்டப்பாவின் நட்டநடுவில் சுண்ணாம்பால் இரண்டு சதுரங்கள் போட்டிருந்தார்கள். தூண்களாம். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அவற்றின் தலையில் காங்கிரீட் கூரை வருமாம். கைப்பிடிச் சுவரிலிருந்து முதல் சதுரம் வரை அவர் காலடி வைத்து எண்ணினார். கீழே இறங்கி அதே அடிகளை அறைக்குள் வைத்தார். பதினோராவது அடியில் மூன்றாம் கட்டிலில் போய் முட்டினார்.

"அண்ணே, இங்குட்டு வாங்க. இந்தத் தூணு எது மேல நிக்குது?"

கருத்தையா வாசலில் நின்றபடி மேலே பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "இருக்கிறதைச் சொல்றேன் நர்ஸம்மா. மட்டப்பா பாரம் உத்தரத்துல உக்காருது. உத்தரம் சுவத்துல உக்காருது. சுவரு அஸ்திவாரத்துல. அஸ்திவாரம் மண்ணுல. அது போற வழி அது. இந்தத் தூணுக்கு அடியில சுவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உத்தரத்தோட நடு வயித்துல நிக்குது. உத்தரம் விட்டுச்சுன்னா நேரா ஒங்க மூணாம் கட்டில்ல எறங்கும்."

"அப்ப எதுக்குக் கட்டுறீக?"

"பிளான்ல இருக்கே."

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டு தடவை ஓவர்சீயரிடம் சொல்லியிருக்கிறார். கொத்தனார் கொத்தனார் வேலையைப் பார்க்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.

மறுநாள் சந்தனமேரி பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனார். கிராமக் கட்டடக் கோட்டம் என்ற அந்த அலுவலகம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. ஊர்ப்புறங்களில் எழும் எல்லாக் கட்டடத்துக்கும் அந்த அலுவலகம்தான் பாதுகாப்பு. அதன் முன்பக்கத்து ஓட்டுச் சாய்ப்பு ஒருபுறமாக இறங்கி வந்ததால், எல்லோரும் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்கள்.

உதவிப் பொறியாளர் மெய்யநாதன் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார், முழுதும் கேட்டுக்கொண்டார்.

"நர்ஸம்மா, முதல்ல ஒண்ணு தெளிவாகணும். நீங்க எந்தத் தளம்?"

"கீழதான் சார் இருக்கேன்."

"அங்கதான் சிக்கலே. இங்க ரெண்டு பிரிவு இருக்கு. மேல்தளம் அ பிரிவு. கீழ்த்தளம் ஆ பிரிவு. நான் அ. நீங்க மேல்தளத்தைப் பத்திப் புகார் சொல்லணும்னா மேல்தளத்துல உத்தியோகம் பார்க்கணும்."

"சரி சார். கீழ்த்தளத்தைப் பத்தியே புகார் எழுதிக் குடுக்கிறேன்."

"கீழ்த்தளத்துல நாங்க எந்த வேலையுமே செய்யலையே. செய்யாத வேலையைப் பத்தி என்ன புகார் எழுதுவீக?"

சந்தனமேரிக்கு ஒரு நிமிஷம் தானே ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று இருந்தது. வரைபடத்தைக் காட்டச் சொன்னார். மெய்யநாதன் பெருமையுடன் விரித்தார். மாதிரி வரைபடம் எண் பதினான்கு. நீல மையில் மண்டபம் அழகாக நின்றது. ஜன்னல், கதவு, மேடை, இரண்டு தூண்கள். தூண்களின் அடியில் பாம்பு ஊர்ந்தது போல ஒரு நெளிகோடு.

"இது என்ன கோடு சார்?"

"அதுவா? அதோட வரைபடம் முடியுதுன்னு அர்த்தம்."

"தூணு முடியலையே."

"தூணு தொடரும். வரைபடம் முடிஞ்சிரும். அதுக்குக் கீழ ஆ பிரிவு வரைஞ்சிக்கணும்."

"ஆ பிரிவு வரைஞ்சாகளா?"

"மேல கட்டுறதே அவுகளுக்குத் தெரியாதேம்மா" என்றார் மெய்யநாதன், குழந்தைக்குச் சொல்வது போல. "அ பிரிவுல இருந்து ஆ பிரிவுக்குக் கடிதம் போகணும்னா மதுரை ஜில்லா ஆபீஸ் வழியாத்தான் போகும். அவுக அடுத்த ரூம்லதான் இருக்காக. ஆனா வழி அதுதான்."

அடுத்த அறையில் ஆ பிரிவின் பொறியாளர் இருந்தார். சந்தனமேரி அங்கும் எட்டிப் பார்த்தார். அவர் ஓலைக்கண்மாய்க் கோப்பை எடுத்துப் புரட்டி, அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது என்று உறுதியாகச் சொன்னார். அவரிடம் இருந்த வரைபடத்தில் மட்டப்பாவுக்கு மேல் வெறும் ஆகாயம்தான்.

பிறகு சந்தனமேரி தன் சொந்தச் சுகாதார இலாகாவுக்கும் எழுதினார். கட்டடம் என்பது கட்டடக் கோட்டத்தின் விஷயம், தங்கள் இலாகா தாய் சேய் மட்டுமே என்று அவர்கள் பதில் எழுதினார்கள்.

பங்குனியில் தூண்கள் எழும்பின. சித்திரையில் காங்கிரீட் கூரை விழுந்தது, அதாவது போடப்பட்டது. அன்றிலிருந்து கீழே சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது. முதலில் கட்டில் விரிப்பில் மாவு தெளித்தது போல. பிறகு சில்லுச் சில்லாக. சந்தனமேரி நான்கு கட்டில்களையும் சுவரோரமாக ஒட்டிப் போட்டார். மூன்றாவது உத்தரத்தின் அடியில், சுவருக்குச் சுவர் ஒரு நூலை இழுத்துக் கட்டினார். குழந்தைகளின் நீளத்தை அளக்கும் நாடாவால் உத்தரம் நூலைத் தாண்டி எவ்வளவு தொங்குகிறது என்று வாராவாரம் அளந்தார். முதல் வாரம் கால் அங்குலம். மூன்றாம் வாரம் அரை. ஆறாம் வாரம் முக்கால். பிரசவப் பதிவேட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தார். முன்பக்கத்தில் குழந்தைகள் வளர்ந்தன, பின்பக்கத்தில் இது.

அந்தக் கணக்கை நகலெடுத்து ஏழு இடங்களுக்கு அனுப்பினார். அதன் விளைவாக வைகாசியில் கட்டடப் பாதுகாப்பு ஆய்வுக் குழு வந்தது. தலைவர், செயற்பொறியாளர் தேனப்பன். பருத்த உடம்பு, பன்னீர் வாசனை, கையில் பிரம்பு. அவருடன் எட்டுப் பேர்.

குழு முதலில் மேல்தளத்துக்குப் போனது. தேனப்பன் ஒவ்வொரு தூணையும் பிரம்பால் மூன்று முறை தட்டினார். "என்னா உறுதி!" என்றார். எட்டுப் பேரும் ஒவ்வொரு முறை தட்டினார்கள். தூண்கள் உண்மையிலேயே உறுதியாகத்தான் இருந்தன. அவை நின்ற இடத்தைத் தவிர அவற்றில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

பிறகு கீழே வந்தார்கள். வாசல்படியில் நின்றுவிட்டார்கள். கதவில் ஒரு பலகை: பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது.

"இன்னைக்கு உள்ள ஒரே ஒரு பொண்ணுதான் சார் இருக்கு. படுதா போட்டு மறைச்சிருக்கேன். வந்து தலையை நிமித்திப் பாத்தாப் போதும்" என்றார் சந்தனமேரி.

"வேணாம்மா. விதின்னா விதி. அதை மீறுற முதல் ஆள் நானா இருக்க மாட்டேன்" என்றார் தேனப்பன். "நாங்க இங்கிருந்தே ஆய்வு செய்றோம். கேக்குற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூரை இருக்கா?"

"இருக்கு சார்."

"விரிசல்?"

"ஏழு இருக்கு."

"விரிசல் வழியா ஏதாச்சும் விழுதா?"

"சுண்ணாம்பு விழுது. நேத்து அரைச் செங்கல்லு விழுந்துச்சு."

"யாரு மேலயும் விழுந்துச்சா?"

"இல்ல சார், கட்டிலத் தள்ளிப் போட்டுட்டேன்."

தேனப்பன் எழுத்தரைப் பார்த்தார். "எழுதிக்கங்க. கீழ்த்தளம் வாய்மொழியாக ஆய்வு செய்யப்பட்டது. கூரை இருப்பதாக உறுதி செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர் எவருமில்லை. திருப்திகரம்." சந்தனமேரி பக்கம் திரும்பி, "தைரியமா இருங்கம்மா. ஒங்களை மாதிரி ஆளுக பயப்படுறதுக்குத்தான் எங்களை மாதிரிக் குழு இருக்கு" என்றார்.

அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது யாருக்கும் விளங்கவில்லை. சொன்னது மட்டும் சரியாக இருந்தது.

அந்தப் படுதாவுக்குப் பின்னால் இருந்த பெண் உமையாள். தலைப்பிரசவத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. கால் வீங்கியிருக்கிறதென்று காட்ட வந்திருந்தாள். ஆய்வு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவள் வீட்டுக்குப் போய்ப் புருஷன் சேவுகனிடம் சொன்னாள். சேவுகனுக்குக் கண்மாய்க்கரையில் பத்துப் பனை இருந்தது. மூன்றாம் நாள் இரண்டு முற்றிய பனங்கட்டைகளை வண்டியில் போட்டுக்கொண்டு கருத்தையாவையும் கூட்டி வந்தான்.

"எம் பொண்டாட்டி இங்கதான் நர்ஸம்மா பெறப் போறா. வேற எங்குட்டும் போக மாட்டேங்குறா. கட்டையை எங்க நிறுத்தணும்னு சொல்லுங்க."

கருத்தையா நேரே தூண்களுக்கு அடியில் இடம் குறித்தார். தரையைத் தோண்டி, கெட்டி மண் வரும்வரை இறங்கி, இரண்டு பலகைக்கல்லைப் பதித்தார். "கட்டை தாங்கினாப் பத்தாது. கட்டையைத் தரை தாங்கணும்" என்றார். கல்லின் மேல் கட்டையை நிறுத்தி, உத்தரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் ஆப்பு அடித்து இறுக்கினார். அந்த வாரம் சந்தனமேரி நாடாவால் அளந்தார். முக்கால் அங்குலம். அடுத்த வாரமும் முக்கால். எட்டு வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக மத்தியானச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆனியில் மெமோ வந்தது.

'ஓலைக்கண்மாய் பிரசவ நிலையத்தின் கீழ்த்தளத்தில் நிறுவப்பட்டுள்ள இரு பனங்கட்டைகள், மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கி வருவதாக இவ்வலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. மேல்தளத்தின் பாரம் அ பிரிவுக்கு உரியது. ஆ பிரிவின் எல்லையில் அதைத் தாங்குவதற்குத் தங்களுக்கு அனுமதி வழங்கப்படவில்லை. எவருடைய உத்தரவின் பேரில் தாங்கள் கட்டடத்தைத் தாங்கினீர்கள் என்பதை ஏழு நாட்களுக்குள் விளக்க வேண்டியது. தவறினால் கட்டைகள் அகற்றப்படும்.'

சந்தனமேரி அதை நான்கு முறை படித்தார். பிறகு பதில் எழுதினார். 'ஐயா, கட்டைகளை எடுத்தால் கூரை விழும். கூரை விழுந்தால் என் நோயாளிகள் சாவார்கள். நோயாளிகள் என் பொறுப்பு. வேறு உத்தரவு இல்லை.'

பதில் கோப்பில் சேர்ந்தது. ஏழாம் நாள் மெய்யநாதனே இரண்டு ஆட்களுடன் வந்தார். அன்று அறையில் நோயாளி இல்லை. ஆட்கள் ஆப்பைச் சம்மட்டியால் அடித்தார்கள். ஆப்பு அசையவில்லை. கட்டையைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அதுவும் அசையவில்லை. மேலிருந்து மாடி முழுதும் அதன் தலையில் உட்கார்ந்திருந்தது. நாலாவது அடியில் உத்தரத்திலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஆட்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். மெய்யநாதன் அவர்களுக்கு முன்பே அங்கே இருந்தார்.

"சார், கேட்டீகளா?" என்றார் சந்தனமேரி.

மெய்யநாதனின் முகம் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் மனிதராகவே பேசினார். "கேட்டேம்மா. எனக்குத் தெரியாமலா? அந்த நெளிகோட்டைப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. ஆனா பதினாலாம் நம்பர் பிளான் மேலிடத்துல இருந்து வந்தது. தப்புன்னு நான் எழுதினா, முன்னாடி கட்டின நாப்பது மண்டபமும் தப்புன்னு ஆகும். நாப்பதை யாரு தாங்குறது?" பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "கட்டைகள் அகற்றலுக்கு ஒத்துழைக்க மறுத்தனன்னு எழுதிடுறேன்."

அப்படியே எழுதினார். ஆவணித் திறப்பு விழா வரை கட்டைகளை அப்படியே விட்டுவைப்பது என்றும், விழாவுக்காக அவற்றின் மேல் வண்ணக் காகிதம் சுற்றுவது என்றும் முடிவாயிற்று. அலங்காரப் பொருள் என்ற தலைப்பில் அவற்றுக்கு இடம் கிடைத்தது.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. பிரசார மண்டபம் என்பதால் பெண்கள்தான் வேண்டும். சுற்றுவட்டாரத்திலிருந்து லாரிகளில் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வருகைப் பதிவேட்டில் நூற்று எண்பத்தாறு பேர். எல்லோரும் படியேறி மேலே போய், நடுவில், தூண்களைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தார்கள்.

அன்று காலை எட்டு மணிக்கு உமையாளுக்கு வலி கண்டிருந்தது.

சந்தனமேரி விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லி முதல் நாளே ஆள் அனுப்பியிருந்தார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று பதில். இப்போது உமையாளை வெளியே தூக்கிப்போகவும் வழியில்லை. தலை இறங்கிவிட்டது. மேலே ஒவ்வொரு லாரி ஆளும் ஏற ஏறப் பனங்கட்டைகள் முனகின. வண்ணக் காகிதம் ஒரு இடத்தில் தானாகக் கிழிந்தது. சுண்ணாம்பு விழுந்துகொண்டே இருந்தது. சந்தனமேரி ஒரு கையால் உமையாளின் முகத்துக்கு மேல் துணியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா சத்தம் அது?" என்றாள் உமையாள்.

"ஒண்ணுமில்ல தாயி. மேல கூட்டம் நடக்குது. நீ மூச்சை விடு." வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்: "சேவுகா! மேல போயி அந்தப் பொம்பளைகளை எறங்கச் சொல்லு. ஓடு!"

மேலே தேனப்பன் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் பத்து அதிகாரிகள் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"தாய்மார்களே! ஒரு கட்டடத்தின் பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. நிர்வாகமும் அப்படித்தான். நான் ஓர் உத்தரவு போடுகிறேன். அது மெய்யநாதனிடம் இறங்குகிறது. மெய்யநாதனிடமிருந்து ஓவர்சீயர். ஓவர்சீயரிடமிருந்து கொத்தனார். அதற்குக் கீழே அது எங்கே போய்ச் சேர்கிறது என்று என் இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை! பார்க்க வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை! ஏனென்றால் உத்தரவுதான் இந்த நாட்டின் உத்தரம்!"

மேடையில் கை தட்டினார்கள். அப்போதுதான் சேவுகன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அழைப்பிதழ் எங்கே என்று கேட்ட சிப்பந்தியை விலக்கினான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன்.

"ஆத்தாமாரே! எம் பொண்டாட்டி கீழ பெத்துக்கிட்டு இருக்கா. நீங்க எல்லாரும் அவ மேல உக்காந்திருக்கீக. உத்தரம் முறியுது. எந்திரிச்சு மெதுவா வாங்க. ஓடாதீக. மெதுவா."

முன்வரிசையில் இருந்த ஒரு நடுத்தர வயதுப் பெண் சேலையை உதறி எழுந்தாள். "தலைப்பிள்ளையா?" என்று கேட்டாள். சேவுகன் தலையாட்டினான். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாதம் தரையில் பட்டும் படாமலும் வாசலுக்கு நடந்தாள். அவள் பின்னால் நூற்று எண்பத்தைந்து பேரும் அப்படியே நடந்தார்கள். இடிக்கவில்லை, முந்தவில்லை. அந்த மண்டபத்தில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

"உட்காருங்கள்! நிகழ்ச்சி நிரலில் இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது!" என்றார் தேனப்பன். பாய்கள் காலியாகக் கிடந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாற்பது நிமிஷமும் பேசினார். பத்து அதிகாரிகளும் உரிய இடங்களில் கை தட்டினார்கள்.

கீழே பெண்கள் முற்றம் முழுக்க நின்றார்கள். யாரோ வெந்நீருக்கு அடுப்பு மூட்டினார்கள். பாரம் இறங்கியதும் கட்டைகளின் முனகல் நின்றது. பதினொன்றே காலுக்கு உமையாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆறே கால் பவுண்டு. சந்தனமேரி குழந்தையைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு, பின்வாசலுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அதை யாரும் பார்க்கவில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உத்தரத்தை அளந்தார். ஒன்றே கால் அங்குலம்.

விசாரணை நடந்தது. மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருடைய அறிக்கையில் உத்தரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வருகைப் பதிவேடுதான் அவரை உறுத்தியது. கூட்டத்தின் தொடக்கத்தில் நூற்று எண்பத்தாறு, முடிவில் பூஜ்யம். 'குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்த அழைக்கப்பட்ட தாய்மார்கள் அனைவரும் ஒரு பிரசவத்தைக் காண எழுந்து சென்றுள்ளனர். வெந்நீரும் வைத்துள்ளனர். பிரசவ நிலையத்தின் மேல் அமைந்திருப்பது மண்டபத்தின் நோக்கத்துக்கு ஊறு விளைவிப்பதால், மண்டபத்தை உடனே பிரிக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார்.

மார்கழியில் கருத்தையாவே வந்து மாடியைப் பிரித்தார். கட்டியபோது இல்லாத உற்சாகம் இப்போது அவர் கையில் இருந்தது. ஆனால் செங்கல்லைக் கீழே இறக்கப் போனபோது ஓவர்சீயர் தடுத்தார். செங்கல் அ பிரிவின் சொத்து. தரை ஆ பிரிவின் எல்லை. அ பிரிவின் சொத்தை ஆ பிரிவில் வைக்க மதுரை வழியாக அனுமதி வரவேண்டும். அதுவரை மேலேயே அடுக்கி வைக்கும்படி சொன்னார். பதினோராயிரம் செங்கற்களும் உடைந்த காங்கிரீட்டும் மட்டப்பாவின் நடுவில், கோயில் கோபுரம் போல, மிக ஒழுங்காக அடுக்கப்பட்டன. பனங்கட்டைகள் மறுபடியும் முனக ஆரம்பித்தன.

சந்தனமேரி இந்தத் தடவை கடிதம் எழுதவில்லை. உமையாள் குழந்தைக்கு எடை பார்க்க வந்தபோது, "போகும்போது மேல போயி ரெண்டு கல்லு எடுத்துட்டுப் போறியா தாயி?" என்றார். உமையாள் இரண்டு கல் எடுத்துப் போனாள். சேவுகன் வண்டியோடு வந்தான். அம்மை ஊசிக்கு வந்தவர்கள், காய்ச்சல் மாத்திரைக்கு வந்தவர்கள், பிள்ளை பார்க்க வந்த உறவுக்காரர்கள், எல்லோரும் போகும்போது இரண்டிரண்டு எடுத்துப் போனார்கள். ஓலைக்கண்மாயில் அந்த மாசியில் பதினேழு வீடுகளுக்கு மாட்டுத் தொட்டி வந்தது. உடைந்த காங்கிரீட் கண்மாய்க்கரையில் ஓர் உடைப்பை அடைத்தது. அனுமதி இரண்டு வருஷம் கழித்து வந்தபோது, மட்டப்பாவில் துணிதான் காய்ந்துகொண்டிருந்தது. கணக்கெடுக்க வந்த எழுத்தர் வெகுநேரம் அந்தத் துணிகளைப் பார்த்தார். பிறகு 'செங்கல் இயற்கையாகக் கரைந்தது' என்று எழுதிக்கொண்டு போனார்.

1974 வைகாசியில் ஒரு மத்தியானம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். பெயர் ஞானசேகர். நாடாவும் பலகையும் கக்கத்தில் இருந்தன. காலியாக உள்ள மட்டப்பாக்களில் குடிநீர்த் தொட்டி கட்டும் திட்டம் வந்திருக்கிறதாம். பத்தாயிரம் லிட்டர். மேலே போய் அளந்துவிட்டு, படம் வரைய மேஜை இருக்கிறதா என்று கேட்டார்.

"மேல வெயிலா இருக்கும் தம்பி. உள்ள இன்னைக்கு யாரும் இல்ல. வாங்க" என்றார் சந்தனமேரி. அறையின் நடுவில், பனங்கட்டையை ஒட்டி, ஒரு நாற்காலியையும் ஸ்டூலையும் போட்டார். நாற்காலி சரியாக எங்கே வரவேண்டும் என்று இரண்டு தடவை நகர்த்திப் பார்த்து வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு மருந்து அலமாரியைத் துடைக்கப் போனார்.

ஞானசேகர் உட்கார்ந்து தொட்டியை வரைந்தார். வட்டமாக, அழகாக. சுவரின் கனத்தைக் குறித்தார். தண்ணீரின் எடையைப் பெருக்கி ஓரத்தில் எழுதினார். எழுதியவர் பென்சிலை எடுக்காமல் மெல்லத் தலையை நிமிர்த்தினார். மேலே, அவர் உச்சந்தலைக்கு நேராக, ஒன்றே கால் அங்குலம் தொங்கிய ஒரு தேக்கு உத்தரம் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நர்ஸம்மா..."

"சொல்லுங்க தம்பி."

"இது தாங்குமா?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் படிச்சவுக" என்றார் சந்தனமேரி, அலமாரியிலிருந்து திரும்பாமல்.

ஞானசேகர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளினார். எழுந்து, பலகையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வேப்பமரத்தைத் தாண்டி, வெயிலில், காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு ஓர் இடம் தேடினார்.

தண்ணீர்த் தொட்டி அங்கே, மண்ணின் மேல் கட்டப்பட்டது. இடத்தை மாற்றியதற்குக் காரணம் கேட்டுக் கோட்டத்திலிருந்து அவருக்கு மெமோ வந்தது. ஆபத்து என்று எழுதினால் எந்தப் பிரிவும் ஏற்காது என்பதை அதற்குள் அவர் கற்றிருந்தார். 'மட்டப்பாவில் தொட்டி அமைத்தால் கட்டடத்தின் தோற்றப் பொலிவு குன்றும்' என்று பதில் எழுதினார். கோட்டம் அவரைப் பாராட்டி ஒரு கடிதம் அனுப்பியது.